இங்கிலாந்தில் பதிவுபெற்ற சைல்ட்மைண்டராகத் தொடங்குவது எப்படி?

சைல்ட்மைண்டர் என்பவர் தம் வீட்டிலேயே பிறர் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் தொழிலைச் செய்பவர். பணமோ வேறு பயனோ பெற்றுக்கொண்டு, எட்டு வயதுக்குட்பட்ட பிறர் குழந்தையை உங்கள் வீட்டில் ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பார்த்துக்கொள்வதாக இருந்தால், இங்கிலாந்தில் நீங்கள் ஆஃப்ஸ்டெட்டிலோ (பள்ளிகளையும் குழந்தைப் பராமரிப்பையும் கண்காணிக்கும் அரசு அமைப்பு) ஒரு சைல்ட்மைண்டர் ஏஜென்சியிலோ பதிவு செய்திருக்க வேண்டும். பதிவில்லாமல் செய்வது குற்றம். குழந்தையின் பாட்டி, தாத்தா, சித்தி, மாமா போன்ற நெருங்கிய உறவினர்களுக்கு இந்த விதி பொருந்தாது. ஆனால் லண்டனின் ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் பல தமிழ்க் குடும்பங்கள் வேலைக்குப் போகும்போது பிள்ளையை ஒப்படைத்துவிட்டுச் செல்லும் "தெரிந்த அக்கா"வுக்குப் பொருந்தும். இந்த விளக்கம் முதன்மையாக அந்த அக்காக்களுக்காகவே எழுதப்படுகிறது. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றில் பதிவு செய்யும் அமைப்புகளும் விதிகளும் வேறு என்பதால், இங்கே சொல்லப்படுவது இங்கிலாந்துக்கு மட்டுமே.

படி 1: வீட்டையும் வீட்டாரையும் முதலில் பாருங்கள்

விண்ணப்பத்தைத் திறப்பதற்கு முன் மூன்று விஷயங்களை உறுதி செய்துகொள்ளுங்கள். வாடகை வீடென்றால், அங்கே இந்தத் தொழிலை நடத்த வீட்டு உரிமையாளரிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். விசாவில் இருப்பவரென்றால், அது சுயதொழிலை அனுமதிக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவதுதான் பலரைத் தடுக்கிறது: உங்களோடு வசிக்கும் 16 வயதும் அதற்கு மேலும் ஆன ஒவ்வொருவருக்கும் டிபிஎஸ் எனப்படும் குற்றப் பின்னணிச் சோதனை நடக்கும். கணவர், மாமியார், கல்லூரிக்குப் போகும் மகன், மேல்மாடி அறையில் தங்கியிருக்கும் உறவுக்காரப் பையன் என எவரும் விலக்கல்ல. ஒருவர் மறுத்தாலும் விண்ணப்பம் நின்றுவிடும் என்பதால், குடும்பத்தாரை உட்காரவைத்துப் பேசிவிடுவதே முதல் வேலை. கடந்த ஐந்தாண்டுகளுக்குள் இலங்கையிலோ இந்தியாவிலோ வேறு நாட்டிலோ வசித்திருந்தால், அந்நாட்டின் காவல்துறைச் சான்றிதழும் தேவைப்படும். அது வந்துசேரக் காலம் எடுக்கும் என்பதால் அதற்கு முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள்.

படி 2: எத்தனை குழந்தைகள், எந்தப் பதிவேடு

பிறந்தது முதல், ஐந்து வயது நிறைந்தபின் வரும் ஆகஸ்ட் 31 வரையுள்ள குழந்தைகளுக்கு ஏர்லி இயர்ஸ் பதிவேடு. அதன்பின் எட்டு வயது வரை சைல்ட்கேர் பதிவேட்டின் கட்டாயப் பகுதி. எட்டுக்கு மேல் விருப்பப் பகுதி. பள்ளி விட்டு வரும் பிள்ளைகளையும் பின்னாளில் சேர்த்துக்கொள்ள வசதியாக, தொடக்கத்திலேயே எல்லாவற்றிலும் பதிவு செய்துவிடுவது நல்லது.

தனியாக வேலை செய்பவர் பொதுவாக ஒரே நேரத்தில் எட்டு வயதுக்குட்பட்ட ஆறு பேரைப் பார்க்கலாம். அந்த ஆறு பேரில் ஏர்லி இயர்ஸ் வயதுக் குழந்தைகள் மூவருக்கு மேல் கூடாது. அந்த மூவரில் ஒரு வயது நிரம்பாத குழந்தை ஒன்றுதான் இருக்கலாம். உங்கள் சொந்தப் பிள்ளைகளும் இந்தக் கணக்கில் சேர்வார்கள். உங்களுக்கு இரண்டு வயதில் ஒரு மகள் இருந்தால், பள்ளி செல்லாத வயதில் வெளிக் குழந்தைகள் இருவருக்கே இடம் மிஞ்சும். வருமானத்தை மதிப்பிடும்போது இதை மறந்துவிடாதீர்கள்.

படி 3: பயிற்சி

கட்டாயமானது குழந்தைகளுக்கான முழு முதலுதவிப் பயிற்சி. குறைந்தது 12 மணி நேரம் கொண்ட இதை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஒரு பகுதியை இணையவழியில் முடிக்க இயன்றாலும், நேரில் பயிற்சி பெறும் பகுதி இருக்கும் படிப்பையே தேர்ந்தெடுங்கள். மூச்சடைத்த கைக்குழந்தையை முன்கையில் குப்புறக் கிடத்தி முதுகில் தட்டுவதைப் பொம்மையிலாவது ஒருமுறை செய்து பார்த்த கைக்குத்தான் அந்த நேரத்தில் அது வரும்.

அடுத்து, ஈஒய்எஃப்எஸ் என்னும் ஆரம்பகாலக் கல்விச் சட்டகம். 2024 ஜனவரி முதல் சைல்ட்மைண்டர்களுக்கென்றே தனிப் பதிப்பு இருக்கிறது. அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை இருமுறை படியுங்கள். பணம் கட்டிச் சேரும் எந்தப் படிப்பும் இதற்கு மாற்றாகாது என்பது என் உறுதியான கருத்து. கற்றலின் ஏழு துறைகள், இரண்டு வயது முன்னேற்ற மதிப்பீடு, பாதுகாப்புக் கடமைகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. பாதுகாப்புப் பயிற்சியைப் பல கவுன்சில்களே நடத்துகின்றன. உங்கள் கவுன்சிலின் ஏர்லி இயர்ஸ் பிரிவைக் கேளுங்கள்.

படி 4: விண்ணப்பம்

டிபிஎஸ் சான்றிதழ் வழங்கப்பட்ட நாளிலிருந்து 30 நாட்களுக்குள் அதன் அப்டேட் சேவையில் (சான்றிதழை நடப்பில் வைத்திருக்கும் இணையச் சேவை) சேர்ந்துவிடுங்கள். கெடு தாண்டினால் டிபிஎஸ் சோதனையை மறுபடி தொடங்க நேரிடும். உடல்நல அறிவிப்புப் படிவத்தில் உங்கள் ஜிபி (குடும்ப மருத்துவர்) கையெழுத்திட வேண்டும். இது அரசு மருத்துவ சேவைக்குள் வராததால் ஜிபி கட்டணம் கேட்கலாம். இவை கையில் இருக்க, இணையவழி விண்ணப்பத்தை நிரப்புவது கடினமல்ல. முழுமையான விண்ணப்பம் போனபின் ஏறத்தாழ 12 வாரம் வரை ஆகலாம் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் சமைத்துக் கொடுப்பவர் உணவுத் தொழிலாகத் தனியே பதிவு செய்யத் தேவையில்லை. ஆஃப்ஸ்டெட் பதிவே அதற்கும் போதும்.

படி 5: வீட்டையும் சமையலறையையும் ஆயத்தப்படுத்துதல்

மாடிப்படிக் கதவு, சாக்கெட், மருந்துப் பெட்டி, சலவைத்தூள், திரைச்சீலைக் கயிறு ஆகியவற்றைத் தரையில் உட்கார்ந்து ஒரு குழந்தையின் கண்மட்டத்திலிருந்து பாருங்கள். குழந்தைகள் இருக்கும்போதும் வருவதற்குச் சற்று முன்பும் வீட்டிலோ தோட்டத்திலோ யாரும் புகைக்கக் கூடாது.

தமிழ்ச் சமையலறைக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. இந்நாட்டுச் சட்டம் பட்டியலிடும் 14 ஒவ்வாமைப் பொருட்களில் கடுகும் எள்ளும் அடங்கும். அதாவது, தாளிக்கும் கடுகும் இட்லிப் பொடியில் விடும் நல்லெண்ணெயும் உங்கள் ஒவ்வாமைக் குறிப்பில் இடம்பெற வேண்டும். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும் என்பதால், குளூட்டன் ஆகாத குழந்தைக்கு ரசமும் ஆகாமல் போகலாம். முழு வேர்க்கடலை, முந்திரி ஆகியவற்றை ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்காதீர்கள். ஒரு வயது நிரம்பும்வரை தேன் கூடாது. திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டிக் கொடுங்கள். பிள்ளைகள் சாப்பிடும் நேரமெல்லாம் எதிரே உட்கார்ந்திருங்கள்.

படி 6: ஆஃப்ஸ்டெட் அதிகாரியின் வருகை

பதிவை முடிவு செய்யுமுன் அதிகாரி ஒருவர் உங்களைச் சந்திக்க வீட்டுக்கு வருவார்; பலரும் அஞ்சுவது இதைத்தான். சைல்ட்மைண்டர்கள் கொள்கைகளை எழுத்தில் வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் கேட்டால் வாயால் விளக்கத் தெரிய வேண்டும். ஆகவே, இணையத்திலிருந்து இருபது பக்கக் கொள்கைகளை இறக்கிக் கோப்பில் அடுக்குவதில் பயனில்லை. உங்கள் வீட்டில், உங்கள் பொறுப்பில் இருக்கும் ஒரு குழந்தைக்கு என்ன செய்வீர்கள் என்பதைத்தான் அதிகாரி அறிய விரும்புகிறார்.

ஒரு குழந்தை தோளில் காயத் தழும்போடு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் குழந்தையைத் துருவித் துருவிக் கேட்கக் கூடாது. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. பார்த்ததையும், குழந்தை சொன்னதை அதன் சொற்களிலேயேயும், நேரத்தோடு எழுதி வைக்க வேண்டும். கவலைக்கு இடமிருந்தால் கவுன்சிலின் குழந்தைகள் நலப் பிரிவைத் தாமதமின்றி அழைக்க வேண்டும். பெற்றோர் தெரிந்தவர், ஒரே கோயிலுக்குப் போகிறவர் என்பதெல்லாம் இங்கே எடுபடாது. நம் சமூகத்தில் இந்த அழைப்பைச் செய்வது மனத்துக்குக் கடினம் என்பது எனக்குத் தெரியும்; அதனாலேயே பதிலை முன்கூட்டி மனத்தில் தெளிவாக்கிக்கொள்ளச் சொல்கிறேன். அந்தத் தொலைபேசி எண்ணை எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டி வையுங்கள்.

ஆங்கிலம் குறித்துத் தயங்குபவர்களுக்கு: இலக்கணச் சுத்தம் எதிர்பார்க்கப்படுவதில்லை. பதிவேடுகளை எழுதவும், அவசர உதவியை அழைக்கவும், மருந்துக் குறிப்பைப் படித்து விளங்கிக்கொள்ளவும் போதிய ஆங்கிலம் வேண்டும். குழந்தைகள் விளையாட்டில் வீட்டுமொழியைப் பயன்படுத்த வாய்ப்பளிக்கச் சட்டகமே சொல்வதால், தமிழில் பாடுவதையும் கதை சொல்வதையும் தயங்காமல் அதிகாரியிடம் எடுத்துச் சொல்லுங்கள். குழந்தைகள் பள்ளிக்குப் போகுமுன் ஆங்கிலத்திலும் தேற எப்படி உதவுவீர்கள் என்பதையும் கூடவே சொல்ல வேண்டும்.

படி 7: சான்றிதழ் வந்தபின்

முதல் குழந்தை வாசலுக்கு வருமுன் பொதுப் பொறுப்புக் காப்பீடு இருக்க வேண்டும். பள்ளியிலிருந்து காரில் அழைத்து வருவதென்றால், கார் காப்பீட்டிலும் தொழில் பயன்பாட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வரித்துறையான ஹெச்எம்ஆர்சியில் சுயதொழில் செய்பவராகப் பதிவு செய்து, முதல் நாளிலிருந்தே ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். குழந்தைகளின் படங்களையும் விவரங்களையும் போனிலோ கணினியிலோ வைத்திருந்தால், தரவுப் பாதுகாப்புக் கட்டணத்தை, தனியுரிமையைக் கண்காணிக்கும் அமைப்பான ஐசிஓவுக்குச் செலுத்த வேண்டும்.

கட்டணம், தாமதமாக அழைத்துச் செல்வது, நோய், விடுமுறை, விலகும் அறிவிப்புக் காலம் ஆகியவற்றை, பெற்றோர் எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும், எழுத்து ஒப்பந்தமாக்குங்கள். மருந்து கொடுக்க ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியாக எழுத்து அனுமதி வாங்குங்கள். பதிவு பெற்றவரிடம் பிள்ளையை விடும் பெற்றோர், தகுதி இருந்தால், டாக்ஸ் ஃப்ரீ சைல்ட்கேர் கணக்கின் வழியே பணம் செலுத்தலாம். அதில் அவர்கள் போடும் ஒவ்வொரு 8 பவுண்டுக்கும் அரசு 2 பவுண்டு சேர்க்கிறது. 2025 செப்டம்பர் முதல், தகுதியுள்ள வேலைக்குச் செல்லும் பெற்றோரின் ஒன்பது மாதக் குழந்தைகளிலிருந்தே வாரம் 30 மணி நேர அரசு நிதியும் உண்டு. அந்த நிதியைப் பெற உங்கள் கவுன்சிலுடன் தனியாக ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். உங்கள் சொந்தப் பிள்ளைக்கோ பேரப்பிள்ளைக்கோ அக்கா தங்கையின் பிள்ளைக்கோ அந்த நிதியை நீங்கள் கோர முடியாது என்பதைக் குடும்பத்தாரிடமும் முன்பே சொல்லிவிடுங்கள்.