சோளக்காட்டுக்கு ஆள் உயரப் பொம்மை கட்டும் முறை

சோளம் கதிர் விட்டுப் பால் பிடிக்கிற நேரத்தில்தான் கிளியும் மைனாவும் குருவிக் கூட்டமும் காட்டுக்குள் இறங்கும். காங்கேயம் பக்கம் எங்கள் ஊரில் இப்போது மயிலும் சேர்ந்துகொண்டது. மயில் 1963 முதல் நம் தேசியப் பறவை. 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைக் கொன்றால் ஜெயில்தான். சட்டமே இல்லாவிட்டாலும் எனக்கு மனசு வராது. பசிக்கு வந்த வாயில் விஷத்தை வைத்துக் காப்பாற்றின தானியத்தைப் பிள்ளைகளுக்கு எப்படிப் பொங்கிப் போடுவது? விரட்டினால் போதும். அதற்குப் பொம்மையை ஆள் மாதிரியே கட்ட வேண்டும்.

சாலையோரக் காடுகளில் பார்த்திருப்பீர்கள். ஒரு கம்பு, குறுக்கே ஒரு கம்பு, அதில் மாட்டின சட்டை. கை இரண்டும் விறைப்பாக நீட்டிக்கொண்டு நிற்கும். அப்படி நீட்டின கை பறவை உட்காரத் தோதான இடம். புழுவைப் பிடிக்கக் கரிச்சான் வந்து உட்காரட்டும் என்று வயலில் குறுக்குக் குச்சி வைத்த கம்பு நடுவார்கள், தெரியுமா? விறைத்த பொம்மையும் கிட்டத்தட்ட அதுதான். கரிச்சான் உட்கார்ந்தால் நமக்கு லாபம். ஆனால் அதே கையில் கிளி உட்கார்ந்து எந்தக் கதிர் முற்றியிருக்கிறது என்று பார்த்துவிட்டு இறங்கும். ஆகவே கை ஆட வேண்டும். எங்கள் அப்புச்சி, அதாவது அம்மாவைப் பெற்ற தாத்தா, கட்டின பொம்மைகளில் நான் கற்றுக்கொண்டது இதைத்தான்.

முதலில் உயரம். நிலக்கடலைக்கு என்றால் 8 அடிக் கம்பு எடுத்து 2 அடியை மண்ணுக்குள் விடுங்கள். சோளத்துக்கு இது ஆகாது. நாட்டுச் சோளம் ஆள் உயரத்தைத் தாண்டி வளரும், பொம்மை தட்டுக்குள், அதாவது சோளத்தண்டுக்குள், மறைந்துபோகும். அதற்கு 12 அடிக் கம்பு வேண்டும். இடுப்புக்கு மேலே மட்டும் கட்டினால் போதும், கால் தேவையில்லை. சவுக்கோ மூங்கிலோ எதுவானாலும் மண்ணுக்குள் போகிற பாகத்தை நெருப்பில் வாட்டிக் கருக்கிவிட்டு நடுங்கள், கரையான் சட்டென்று ஏறாது.

அப்புறம் தோள். இங்கே கொஞ்சம் மெனக்கெட வேண்டும், ஏனென்றால் தூரத்திலிருந்து ஆள் என்று காட்டுவது தோள்தான். கை நீளத்துக்குப் பெரிய குறுக்குக் கம்பு வைக்காதீர்கள். ஒன்றரை அடிக் கம்பு போதும். தேங்காய்நார்க் கயிற்றை நனைத்து, நடுக்கம்போடு பெருக்கல் குறி மாதிரி மாறி மாறிச் சுற்றி இறுக்குங்கள். தோள்கம்பின் இரண்டு முனையிலும் பழைய துணியைச் சுருட்டிக் கட்டினால் சட்டை மொழுமொழுவென்று உட்காரும். ஒரு கைக்குச் சாக்கை நீளமாகச் சுருட்டி, தோள்கம்பு முனையில் நான்கு விரல் கயிறு விட்டுத் தொங்கவிடுங்கள். லேசான காற்றுக்கே அது வீசும். இன்னொரு கைக்கு முழங்கை மாதிரி வளைந்த வேப்பங்கிளை ஒன்றைத் தேடி, மேலே தூக்கினபடி கட்டுங்கள். கல்லெறியக் கை ஓங்கின ஆள் மாதிரி இருக்கும். மணிக்கட்டு இருக்க வேண்டிய இடத்தில் பழைய சேலைக் கிழிசலை இரண்டு முழம் தொங்கவிட்டால் அது படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும், மேலே யாரும் உட்காரவும் முடியாது.

உடம்புக்கு உரச் சாக்கு. அடியில் ஓட்டை போட்டுக் கம்பில் மாட்டி, சோளத்தட்டை முழ நீளத்துக்கு நறுக்கி நெட்டுக்குத்தாகத் திணியுங்கள். மழை பெய்தால் தண்ணீர் வழிந்து இறங்கிவிடும். பழைய துணியையோ பஞ்சையோ அடைத்தால் ஊறிக் கனத்துக் கம்பையே சாய்த்துவிடும். இடுப்பில் ஒரு கட்டு போடுங்கள், மார்பு தானாக அகலம் காட்டும். உரச் சாக்கு வெயிலில் நைந்து நாராக உதிரும் என்பதால் வெளியே தெரியாமல் சட்டை முழுக்க மூட வேண்டும். கடலைக்காட்டுப் பொம்மை என்றால் பேன்ட்டின் கால் முனைகளைக் கட்டித் தட்டைத் திணித்து, சட்டையின் அடியோடு கோணி ஊசியால் தைத்துவிடுங்கள். பாதம் தரையிலிருந்து ஒரு சாண் மேலே நிற்கட்டும்.

தலைக்கு அடி கருகின ஓட்டைப் பானை போதும். ஐந்தரை அடி ஆளுக்கு ஒன்பது அங்குல அகலப் பானை கணக்காக இருக்கும். கம்பின் நுனியில் துணியைத் தடிமனாகச் சுற்றிவிட்டுக் கவிழ்த்து மாட்டுங்கள், இல்லையென்றால் ஆடி ஆடி விரிசல் விடும். சுண்ணாம்பைக் குழைத்து இரண்டு கண், ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். மூக்கும் வாயும் உங்கள் விருப்பம்.

உடுப்பு விஷயத்தில் நான் கண்டிப்பாக இருப்பேன். காட்டில் யார் உண்மையில் பறவை விரட்டுகிறாரோ அவருடைய உடுப்பு வேண்டும். எங்கள் வீட்டில் அது மாமனார். தலையில் சிவப்புத் துண்டு கட்டாமல் காட்டுக்குப் போகமாட்டார். பொம்மைக்கும் அதே மாதிரி சிவப்புத் துண்டு. விடிந்ததும் பொம்மைக்குப் பக்கத்தில் நின்றே தகரத்தைத் தட்டிச் சத்தம் போடுவார். சிவப்புத் துண்டு என்றால் தகரச் சத்தமும் கல்லும் வரும் என்று பறவைக்குப் பழகினால்தான், அவர் சாப்பிடப் போன நேரத்தில் பொம்மை காவல் காக்கும். ஆள் நடமாட்டமே இல்லாத காட்டில் எவ்வளவு அழகான பொம்மையும் சீக்கிரம் வெறும் கம்பாகிவிடும்.

கேசட் நாடா, பளபளக்கிற பிளாஸ்டிக் ரிப்பன் எல்லாம் சுற்றச் சொல்வார்கள். பலன் இருக்கிறது. ஆனால் சோளத்தட்டு நாளைக்கு மாட்டுக்குத் தீவனம். அறுந்த நாடா தட்டோடு போய் மாட்டின் வயிற்றில் சேர்ந்தால் என்ன ஆகும்? கட்டினால் அறுவடைக்கு முன் கடைசித் துண்டு வரை எண்ணி எடுங்கள். நான் சேலைக் கிழிசலோடு நிறுத்திக்கொள்கிறேன்.

விதைத்த நாளே சோளக்காட்டில் பொம்மையை நட்டுவிடாதீர்கள். பால் பிடிக்கிற வாரத்தில் நடுங்கள், அதுவரை கொட்டகையில் கிடக்கட்டும். நடுக்காட்டைவிடப் பறவை வந்து இறங்குகிற பக்கம்தான் முக்கியம். கரண்டுக் கம்பிக்குக் கீழே, வேலியோர வேப்பமரத்துக்கு எதிரே என்று பார்த்து வையுங்கள். மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை பிடுங்கி வேறு இடத்தில் நட்டு, தூக்கின கையை வேறு பக்கம் திருப்புங்கள். கடலைக்கு மட்டும் விதைத்த அன்றே வேண்டும். காக்காயும் மயிலும் கிளறிப் பருப்பைப் பொறுக்குவது முளை விடும்வரைதான். செடி பிடித்ததும் எடுத்துவிட்டு, காய் பிடிக்கும்போது மறுபடி வையுங்கள்.

அறுவடை முடிந்ததும் அவிழ்த்துவிடுங்கள். நனைந்து காய்ந்த தட்டு குப்பைக்குழிக்கு, பானையும் கம்பும் பரண்மேல். சட்டை கிழிந்திருந்தால் அடுத்த பட்டத்துக்கு வேறு சட்டை பார்த்துக்கொள்ளலாம்.