அதிக வட்டிக் கடனை அடைத்த பின்பே புதிய கிரெடிட் கார்டு

ஆண்டுக்கு 24 சதவீத வட்டியில் 1,00,000 நிலுவை இருந்தால், முதல் மாதத்தில் மட்டும் ஏறத்தாழ 2,000 வட்டிக்கே போய்விடும் என்பதால், புதிய கிரெடிட் கார்டுக்கு விண்ணப்பிக்கும் முன் அந்தக் கடனை அடைப்பதே முறை. முன்கூட்டியே முடிப்பதற்கான கட்டணத்தையும் சேர்த்து, குறிப்பிட்ட தேதிக்கான முழு நிலுவைத் தொகையை எழுத்து வடிவில் கேட்டுப் பெறுங்கள்.

ஒரே முறையில் முடிக்க இயலாதவர்கள், மாதத் தவணைக்கு மேல் செலுத்தும் தொகை அசலில்தான் கழிக்கப்பட வேண்டும் என்று தெளிவாகக் குறிப்பிட வேண்டும். இல்லையெனில் அது அடுத்த தவணைக்கான முன்பணமாக வரவு வைக்கப்படலாம் (பலர் கவனிக்கத் தவறுவது இதைத்தான்).

கடன் முடிந்ததும் நிலுவையில்லாச் சான்றிதழைப் பெற்று, கடன் அறிக்கையில் (உங்கள் கடன்களையும் அவற்றைச் செலுத்திய விதத்தையும் காட்டும் பதிவு) அந்தக் கணக்கு முடிக்கப்பட்டதாகப் பதிவாகியிருப்பதைச் சரிபார்த்த பிறகு, ஒரே ஒரு கார்டுக்கு மட்டும் விண்ணப்பியுங்கள். அடுத்தடுத்து விண்ணப்பித்தால் ஒவ்வொன்றும் தனி விசாரணையாக, அதாவது கார்டு நிறுவனம் உங்கள் கடன் அறிக்கையைக் கேட்டுப் பார்த்ததாக, பதிவாகி, கடனைத் திருப்பிச் செலுத்தும் நம்பகத்தன்மையைக் காட்டும் கடன் மதிப்பெண்ணைக் குறைக்கக்கூடும்.