மரத்தில் முதலெழுத்து செதுக்குகிறவர்கள் சொதப்பும் இடங்கள்

பழைய ஐரோப்பிய அச்சுப் புத்தகங்களில் அத்தியாயம் தொடங்குமிடத்தில் பூவும் கொடியும் சுற்றிய பெரிய எழுத்து ஒன்று நிற்கும். அதைப் பார்த்துத் தாமும் செதுக்க உட்காருகிறவர்களை ஏமாற்றுவது 'எஸ்', 'என்' அல்ல, அச்சில் புரண்டு விழும் என்பதால் அவற்றை இடவலம் மாற்றித்தான் செதுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஏமாற்றுவது 'ஏ'. இரண்டு பக்கமும் ஒன்றுதானே என்று வரைந்தபடியே செதுக்கிவிடுவார்கள். ரோமன் 'ஏ'-வுக்கு இடதுகால் மெலிசு, வலதுகால் தடிமன். அது மாறி விழுந்தால் பார்க்கிறவருக்கு ஏதோ உறுத்தும், என்னவென்று சொல்ல வராது. 'எம்', 'வி' கதையும் இதேதான். மெல்லிய தாளில் வரைந்து, வரைந்த பக்கத்தைக் கவிழ்த்து ஒட்டிவிடுங்கள், எந்த எழுத்தானாலும் சரி.

கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து சுலபம் என்று தோன்றும். ஆனால் அகலமான கறுப்பு மையைச் சீராக வாங்காது, நடுவில் திட்டுத்திட்டாக வெளுத்துவிடும். எர்ஹார்ட் ராட்டோல்ட் வெனிஸில் 1482-ல் அச்சிட்ட யூக்ளிட் வடிவியல் நூலைப் பாருங்கள், முதலெழுத்துகளில் கறுப்பு எங்கும் சும்மா கிடக்காது, வெள்ளைக் கொடி அதை ஊடறுத்துக்கொண்டே போகும். 16-ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் பின்னணி முழுக்கப் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளி வைத்தார்கள். அழகுக்கு அழகு, மைக்கும் நல்லது.

அதற்காகக் கொடியை இஷ்டத்துக்கு ஓடவிட்டு எழுத்தையே தேட வைக்காதீர்கள். ஓவியர் ஹோல்பைன் வரைந்து லூட்சல்பர்கர் செதுக்கிய 'மரண அகரவரிசை' என்ற முதலெழுத்து வரிசையில் ஒரு மரக்கட்டை ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் சதுரம்தான். அதற்குள் எலும்புக்கூடுகள் ஆட்களை இழுத்துக்கொண்டு போகின்றன, அப்படியும் எழுத்து முன்னால் பளிச்சென்று நிற்கிறது.

கத்தி விஷயம்: கோடு மேலே ஒடுங்கி அடியில் அகன்று நிற்கும்படி சாய்த்து வெட்டுங்கள். அடியைக் குடைந்துவிட்டால் அச்சின் அழுத்தத்தில் ஒடிந்துபோகும்.

ஈய எழுத்துகளோடு சேர்த்து அச்சிடுவதானால் மரக்கட்டையும் அந்த ஈய எழுத்தின் உயரத்துக்கே (அடியிலிருந்து மை படும் முகம் வரை) இருக்க வேண்டும். ஆங்கில, அமெரிக்க எழுத்துக்கு அது 0.918 அங்குலம். குறைந்தால் அடியில் தாள் வைத்துத் தூக்கிக்கொள்ளலாம், கூடினால்தான் தொல்லை, பக்கத்து எழுத்துகள் சரியாகப் பதியாது. அப்புறம், கட்டையின் கீழ்விளிம்பு பக்கத்து வரி ஒன்றின் அடியோடு ஒட்டி நிற்க வேண்டும். மூன்றரை வரி அளவுக்கு அறுத்துவிட்டால் கீழே ஒரு வெள்ளைச் சந்து விழும், எவ்வளவு நுணுக்கமாகச் செதுக்கியிருந்தாலும் கண் அங்கேதான் போகும். வரிகளை முதலில் கோத்து அளந்துகொண்டு, பிறகு மரத்தை அறுங்கள்.