பின் ஷாக்கை மாற்றும் முன் ஸ்கேலை எடுங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ள மலைப்பாதை சைக்கிளில் பின்பக்கம் சரியில்லை என்று தோன்றியதும், புதிய ஷாக்குகளின் விலையைப் பார்க்க உட்கார்ந்துவிடுகிறோம். முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது. முதலில் சைக்கிளைத் தரையில் நிறுத்தி, சீட்டைப் பிடித்து மெல்ல மேலே தூக்கிப் பாருங்கள். சக்கரம் தரையை விட்டு எழும்புவதற்கு முன்பே ‘டக்’ என்று ஓர் ஆட்டம் கைக்குத் தெரிந்தால், ஷாக்கின் முனையில் போல்ட்டைச் சுற்றி உள்ள சிறு வளையமான புஷ் தேய்ந்திருக்கலாம், அல்லது ஃபிரேமின் மூட்டுகளில் உள்ள பேரிங் போயிருக்கலாம். புஷ் என்றால் சின்னச் செலவு. பேரிங் என்றால் எவ்வளவு உயர்ந்த ஷாக்கை வாங்கிப் போட்டாலும் அந்த ‘டக்’ போகாது.

சர்வீஸ் கதையும் இப்படித்தான். ராக்‌ஷாக்ஸ் நிறுவனம் தன் பின் ஷாக்குகளில் ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்று அடைத்த காற்றறையை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை பிரித்துச் சுத்தம் செய்யச் சொல்கிறது. வாரம் ஐந்து மணி நேரம் ஓட்டுகிறவருக்குப் பத்தே வாரத்தில் அந்த முறை வந்துவிடும். இரண்டு ஆண்டுகள் எண்ணெய் காட்டாத ஷாக்கை “ஆயுள் முடிந்தது” என்று தூக்கிப்போடுவதில் நியாயமில்லை. ஒன்றே ஒன்று: நீங்களே பிரிப்பதாக இருந்தால், உள்ளே இருக்கும் காற்றை முழுவதும் வெளியேற்றாமல் காற்றறையைத் திருகாதீர்கள். அது தெறித்தால் ஆளைக் காயப்படுத்தும்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்று முடிவானால், இரண்டு எண்களைப் பிடியுங்கள். ஷாக்கின் இரு முனைகளிலும் போல்ட் நுழைகிற வளையம் இருக்கும். ஆங்கிலத்தில் அதைக் கண் என்கிறார்கள். ஊசிக்கே காது வைத்த நமக்கு அது காதாகவே இருக்கட்டும். ஒரு காதின் மையத்திலிருந்து மறு காதின் மையம் வரை உள்ள நீளம் முதல் எண். ஷாக் அழுந்தி உள்ளே போகும் தூரமான ஸ்ட்ரோக் இரண்டாவது எண். 230×60 என்றால் 230 மில்லிமீட்டர் நீளம், 60 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்.

நான் சறுக்கியது இந்த இரண்டாவது எண்ணில். என் ஃபிரேம் கேட்டது 230×60. நான் வாங்கியது 230×65. நீளம் ஒன்றுதானே, ஸ்ட்ரோக் ஐந்து மில்லிமீட்டர் கூடினால் லாபம்தானே என்று நினைத்தேன். என் சைக்கிளில் பின்சக்கரம் 150 மில்லிமீட்டர் அசையும். அதை 60-ஆல் வகுத்தால் 2.5. அதாவது ஷாக் ஒரு மில்லிமீட்டர் அழுந்தினால் சக்கரம் சராசரியாக இரண்டரை மில்லிமீட்டர் மேலே ஏறுகிறது. நான் கூட்டிய ஐந்து மில்லிமீட்டர், சக்கரத்தில் பன்னிரண்டரை ஆகிவிட்டது. ஒரு பெரிய குதிப்பில் டயர், சீட்டைத் தாங்கும் ஃபிரேம் குழாயான சீட் டியூபில் உரசி, பெயின்ட்டைச் சுரண்டிக் கறுப்புத் தடம் பதித்தது. பிறகு ஷாக்குக்குள் 5 மில்லிமீட்டர் ஸ்பேசர் (இடையடைப்புத் துண்டு) ஒன்றைப் போட்டு ஸ்ட்ரோக்கை 60-க்கு இறக்கினேன். எல்லா ஷாக்கிலும் இதற்கு வழி இருக்கும் என்று நம்ப வேண்டாம். ஃபிரேம் தயாரிப்பாளர் அனுமதிக்காத ஸ்ட்ரோக்கைப் போட்டு ஃபிரேம் விரிசல் விட்டால், உத்தரவாதமும் கைகொடுக்காது.

நீளத்திலும் குழப்பம் உண்டு. 2016-இல் மெட்ரிக் அளவுகள் வந்தன. அதற்கு முன் அங்குலக் கணக்கில் செய்த 200×57-உம் இன்றைய 210×55-உம் பார்வைக்கு அண்ணன் தம்பி போல இருக்கும். ஆனால் காதுக்குக் காது பத்து மில்லிமீட்டர் கூடினால் சைக்கிளின் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும், பெடல் உயரும், முன் ஃபோர்க்கின் சாய்வு மாறும். குறைந்தாலோ, பெடல் கல்லில் இடிக்கும். டிரனியன் வகை ஷாக்குக்கு மேல்முனையில் காதே கிடையாது. போல்ட்டுகள் இரு பக்கமும் உடலிலேயே நேராக இறங்கும். அதனால் 230×65-க்கு இணையான டிரனியன் 205×65. ஒன்றுக்காகச் செய்த ஃபிரேமில் மற்றது ஏறாது. ஸ்பெஷலைஸ்டின் சில பழைய ஃபிரேம்களில் ஷாக்கின் ஒரு முனை அவர்களுக்கே உரிய ஒரு கவட்டையில்தான் பொருந்தும். அப்படிப்பட்ட சைக்கிளுக்குத் தேடல் அதிகம், தேர்வு குறைவு.

அளவு பொருந்தி, ஷாக்கும் வந்து சேர்ந்த பிறகு, போல்ட் நுழையும் புஷ்ஷும் அதன் இரு பக்கமும் உட்காரும் ஸ்பேசரும் இல்லையே என்று விழிப்பவர்கள் ஏராளம். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அலைந்த கதை. போல்ட்டின் விட்டம், ஃபிரேமில் ஷாக் உட்காரும் இடத்தின் அகலம் இரண்டையும் வெர்னியரில் அளந்து, அவற்றையும் சேர்த்தே வாங்குங்கள். பழைய ஷாக்கின் புஷ் புதியதில் சேரும் என்று நினைக்காதீர்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் அவை மாறும்.

மாட்டியதும் காற்றடிக்கப் போகாதீர்கள். காற்றில்லாத ஷாக்கோடு (காற்றுக்குப் பதில் ஸ்பிரிங் வைத்த காயில் ஷாக் என்றால் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு) பின்சக்கரத்தைக் கையால் கடைசிவரை மேலே தள்ளிப் பாருங்கள். ஷாக்கோடு ஒட்டிய எண்ணெய்த் தொட்டி ஃபிரேமில் இடிக்கிறதா, தண்ணீர் பாட்டிலைத் தொடுகிறதா, டயருக்கும் சீட் டியூபுக்கும் நடுவே விரல் நுழைகிறதா? ஐந்து நிமிட வேலை. என் சீட் டியூபில் உள்ள தடம், இதைச் செய்யாததற்கான ரசீது.

காயில் ஆசை தனி. அதன் வழுக்கல் எனக்கும் பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஏர் ஷாக், அழுந்த அழுந்தத் தானே இறுகும். காயில் ஒரே சீராக எதிர்க்கும். கடைசிப் பகுதியில் இறுக்கம் கூடும்படி ஃபிரேமின் இணைப்புகளே அமைந்திருந்தால் காயில் அருமை. அப்படி அமையாத ஃபிரேமில் ஒவ்வொரு குதிப்பிலும் ஷாக் கடைசிவரை அழுந்தி அடிதட்டும். ஷாக்கை நீண்ட கவட்டையால் இணைக்கும் சில ஃபிரேம்களில் பக்கவாட்டு விசை ஏறி, காயில் ஷாக்கின் தண்டே உடைவதுண்டு. உங்கள் ஃபிரேமுக்குக் காயில் போடலாமா என்பதைத் தயாரிப்பாளர் சொல்லட்டும்.

ஸ்பிரிங்கையும் கணக்குப் போட்டே எடுங்கள். ஓட்டுகிறவரின் 75 கிலோ எடையில் ஏறத்தாழ 65 சதவீதம் பின்சக்கரத்தில் விழுவதாகக் கொள்வோம்: 49 கிலோ, அதாவது சுமார் 108 பவுண்டு. என் சைக்கிளின் விகிதமான அந்த 2.5-ஆல் பெருக்கினால் ஷாக்கின் மேல் 270 பவுண்டு. ஏறி அமர்ந்ததும் 60 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கில் 30 சதவீதம் அமிழ வேண்டும் என்றால் 18 மில்லிமீட்டர், அதாவது 0.71 அங்குலம். 270-ஐ 0.71-ஆல் வகுத்தால் அங்குலத்துக்கு 380 பவுண்டு வருகிறது. 375 அல்லது 400 ஸ்பிரிங்கில் தொடங்கலாம். மென்மையான ஸ்பிரிங்கை வாங்கிவிட்டு, திருகு வளையத்தை இறுக்கி இறுக்கிச் சரிசெய்ய நினைப்பது வீண். வளையம் தொடக்க அழுத்தத்தைத்தான் கூட்டும். ஸ்பிரிங்கின் வலிமையை மாற்றாது.

பயன்படுத்திய ஷாக் மலிவாகக் கிடைத்தால், அது எந்த ஃபிரேமிலிருந்து வந்தது என்று கேளுங்கள். சக்கர அசைவை ஸ்ட்ரோக்கால் வகுத்த விகிதம் 3 உள்ள சைக்கிளுக்காக உள்ளே டியூன் செய்த டேம்பர் (ஷாக்கின் வேகத்தை எண்ணெயால் கட்டுப்படுத்தும் பகுதி), 2.5 உள்ளதில் முரட்டுத்தனமாக நடந்துகொள்ளும். வெளியே உள்ள குமிழால் அதை முழுவதும் சரிக்கட்ட முடியாது.

இனி காற்று. நண்பர் 180 பி.எஸ்.ஐ. வைத்திருக்கிறார் என்று நீங்களும் வைக்காதீர்கள். அது அவருடைய எடைக்கும் அவருடைய ஃபிரேமுக்கும் உரிய எண். ஹெல்மெட், பை, தண்ணீர் எல்லாவற்றோடும் ஏறி அமர்ந்து, ஷாக்கின் தண்டில் உள்ள ரப்பர் வளையமான ஓ-ரிங்கைக் காற்றறையின் விளிம்போடு ஒட்டித் தள்ளி, மெல்ல இறங்கி, எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான சைக்கிள்களுக்கு ஸ்ட்ரோக்கில் 25 முதல் 30 சதவீதம். ஒரே மூச்சில் அடிக்காமல், கொஞ்சம் அடித்து, சைக்கிளைச் சில முறை மெல்ல அழுத்தி, மறுபடி அடியுங்கள். அப்போதுதான் எதிர்ப்பக்கக் காற்றறையும் நிரம்பும். இல்லாவிட்டால் வீட்டில் பார்த்த அளவு ஒன்றும் பாதையில் வேறொன்றுமாக இருக்கும்.

போல்ட்டுகளை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் குறித்த அளவுக்கு இறுக்கி, முதல் ஓட்டம் முடிந்ததும் மறுபடி சோதியுங்கள். ஓ-ரிங் எங்கே நிற்கிறது என்றும் பாருங்கள். அமிழ்வு சரியாக இருந்தும் வழக்கமான பாதையில் அது ஒருமுறைகூடக் கடைசிவரை போகவில்லை என்றால் காற்றறைக்குள் காற்றின் இடத்தைக் குறைக்க வைத்திருக்கும் ஸ்பேசரில் ஒன்றை எடுங்கள். ஒவ்வொரு குதிப்பிலும் அடிதட்டினால் ஒன்றைச் சேருங்கள். அதே நாளில், அழுந்திய ஷாக் திரும்பும் வேகத்தை மாற்றும் ரீபவுண்ட் குமிழையும் திருகிவிட்டால், எது எதைச் செய்தது என்பது தெரியாமலே போகும்.