பழைய பீரங்கிக் குண்டைத் துடைக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

1791-ல் ஆங்கிலேயர் படை இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்து ராயக்கோட்டையைப் பிடித்தது. அந்தப் பக்கம் கொல்லை உழும்போதோ கிணறு தூர் வாரும்போதோ இரும்புக் குண்டு கிடைத்தால், உடனே கம்பி பிரஷைத் தேடாதீர்கள். முதலில் விரல் நுழையும் அளவுக்குத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது வெடிகுண்டு. உள்ளே மருந்து இன்னும் இருக்கலாம். தட்டவோ துளையிடவோ சூடுகாட்டவோ வேண்டாம், போலீசுக்குச் சொல்லுங்கள்.

துளை இல்லையா? எடை போடுங்கள். 10 செ.மீ. விட்டமுள்ள திடக்குண்டு ஏறக்குறைய 4 கிலோ இருக்கும். ரொம்பவே குறைந்தால், துளை துருவால் அடைபட்டு உள்ளே குழி இருக்கலாம். அப்போதும் கை வைக்காதீர்கள். எடை குறைய இன்னொரு காரணமும் உண்டு: வார்ப்பிரும்பிலிருந்து இரும்பு கரைந்துபோய் கிராஃபைட் மட்டும் எஞ்சியிருக்கலாம். அது கத்தியால் கீறல் விழும் அளவுக்கு மென்மையானது. கிரைண்டர் பட்டால் வார்ப்பு அச்சின் கோடும் போய்விடும். மூங்கில் சிம்பும் நைலான் பிரஷும் போதும்.

எல்லாவற்றையும்விட மோசமானது பாத்ரூம் ஆசிட். துரு போன மாதிரி தெரியும். ஆனால் அதிலுள்ள குளோரைடு குழிகளில் தங்கி, அடுத்த மழைக்காலத்துக்குள் மறுபடி துருவைக் கிளப்பும். கடலில் மூழ்கிய போர்க்கப்பல் இரும்பைத் தின்பதும் இதே குளோரைடுதான். 1545-ல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற இங்கிலாந்துப் போர்க்கப்பலை 1982-ல் மேலே எடுத்தார்கள். அதன் குண்டுகளில் சில, பக்குவம் செய்த பிறகும் விரிசல் விட்டன. புளியும் எலுமிச்சையும்கூட வேண்டாம்.

துருவில் தங்கிய குளோரைடு உப்பை எடுக்க, குண்டை 2 சதவீதக் காஸ்டிக் சோடா கரைசலில் ஊறவையுங்கள், அதாவது லிட்டருக்கு 20 கிராம். சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும், சோடா மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. கையுறை, கண்ணாடி கட்டாயம். பிளாஸ்டிக் வாளிதான் வேண்டும், அலுமினிய வாளியைக் காஸ்டிக் அரித்துவிடும். நம் பக்கத்து போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம், பேட்டரிக் கடை டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். சில வாரத்துக்கு ஒருமுறை கரைசலை மாற்ற வேண்டும். உப்பு நின்றதா என்று பார்க்க சில்வர் நைட்ரேட் சொட்டு விடுவார்கள். மாதிரியில் முதலில் நைட்ரிக் அமிலம் சேர்த்துக் காரத்தை முறிக்காவிட்டால், உப்பே இல்லாவிட்டாலும் பழுப்பாகப் படிந்து ஏமாற்றும். இந்தச் சோதனையைக் கெமிஸ்ட்ரி தெரிந்தவரிடம் விடுங்கள்.

பிறகு அலசி, அன்றே உலர்த்தி, துருவைக் கறுப்புப் படலமாக்கும் டானிக் அமிலம் பூசி, குண்டை லேசாகச் சூடாக்கி ஈரத்தைத் தடுக்கும் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகைத் தேயுங்கள். எஞ்சின் ஆயில் தூசி சேர்க்கும். கறுப்பு எனாமல் வேண்டவே வேண்டாம். அடியில் துரு ஓடுவது வெளியே தெரியாது.

மண்ணில் கிடைத்ததை, 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும். அதைச் செய்யாமல் வாளியை எடுக்காதீர்கள். அரிதான குண்டென்றால் சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930 முதல் இயங்கும் ரசாயனப் பாதுகாப்புக் கூடத்தைக் கேட்பதே சரி.