காலை 7 மணிக்கு மூடி, பகல் 12.30 மணிக்குத் திறக்கும் டப்பா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளி நாள்களில் பிள்ளைகளின் மதிய உணவு டப்பாவைக் காலை 7 மணிவாக்கில் மூடுகிறோம். பிள்ளை அதைத் திறப்பதோ பகல் 12.30 மணிக்கு. இடையிலுள்ள இந்த ஐந்தரை மணி நேரத்தைக் கணக்கில் கொள்ளாமல் சமைப்பதே பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம். அடுப்பிலிருந்து இறக்கியவுடன் எது சுவையாக இருக்கிறதோ அதை நாம் கட்டிக்கொடுக்கிறோம். பிள்ளையோ ஆறி இறுகிப்போன ஒன்றை, குறுகிய இடைவேளைக்குள், உடனிருந்து ஊட்டிவிட ஆளில்லாமல் உண்ண வேண்டியிருக்கிறது. ஆறிய பிறகும் நன்றாக இருக்கும் பண்டங்கள் பெரும்பாலும் செய்வதற்கும் எளியவை என்பதால், களைத்துப்போன காலைகளில் இந்தக் கணக்கு நம் வேலையையும் குறைக்கிறது.

தோசையை எடுத்துக்கொள்வோம். கல்லிலிருந்து எடுத்தபோது மொறுமொறுப்பாக இருந்த தோசை, டப்பாவுக்குள் முதலில் ஆவியில் நனைந்து, பிறகு மாவுச்சத்து இறுகித் தோல்போல் ஆகிவிடும். ஒவ்வொன்றாக வார்க்க அடுப்படியில் நின்றதும் வீண். அதே மாவில் ஒரே ஈடு இட்லி வைத்து, இளஞ்சூட்டில் இருக்கும்போதே இட்லி மிளகாய்ப் பொடியை நல்லெண்ணெயில் குழைத்து இருபுறமும் தடவிவிட்டால், எண்ணெய் அதை வறண்டுபோகாமல் காக்கும். தொட்டுக்கொள்ளத் தனியாக எதுவும் வேண்டாம். பொடி தடவிய இட்லிக்குத் துணையாகத் தேங்காய்ச் சட்னி வைப்பது வேண்டாத வேலை மட்டுமல்ல, தவறும்கூட. ஜூன் மாத வெக்கையில் அரைத்த தேங்காய் மதியத்துக்குள்ளேயே ஊசிப்போகக்கூடும்.

தயிர்சாதத்தில் நேரும் தவறு இன்னும் பரவலானது. காலையிலேயே தயிரை நிறைய ஊற்றிப் பிசைந்து கொடுத்தால், மதியம் அது புளித்து, நீர் வற்றிக் கட்டியாகிவிடும். டப்பா அப்படியே திரும்பி வரும்போது பிள்ளைக்குத் தயிர்சாதமே பிடிக்கவில்லை என்று முடிவு செய்துவிடுகிறோம். குழைய வேகவைத்த சாதத்தைச் சூட்டோடு மசித்து, காய்ச்சிய பாலைத் தாராளமாக ஊற்றி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் ஒரு கரண்டி தயிர் மட்டும் கலந்தால், அது டப்பாவுக்குள்ளேயே மெல்ல உறைந்து, சாப்பிடும் நேரத்தில் புளிக்காத தயிர்சாதமாக இருக்கும். கலக்கும்போது சற்று நீர்த்தாற்போலத் தெரியும். அப்படித்தான் இருக்க வேண்டும், ஏனெனில் சாதம் பாலை உறிஞ்சிக்கொள்ளும். சாம்பார் சாதத்துக்கும் இதே கணக்குதான்: இளக்கமாகக் கிளறினால்தான் மதியம் பதமாக இருக்கும்.

எலுமிச்சைச் சாதத்தில் சாற்றை அடுப்பிலிருக்கும் தாளிப்பில் ஊற்றிக் கொதிக்கவிடுவது வழக்கமான பிழை; சாறு கொதித்தால் கசப்பேறும். அடுப்பை அணைத்து, தாளிப்பின் சூடு தணிந்தபின் சாற்றைச் சேர்த்து, தட்டில் பரப்பி ஆறவைத்த சாதத்தில் கலக்க வேண்டும். கலந்த சாதங்களை அன்றன்று காலையில் அடியிலிருந்து தொடங்குவதும் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை புளிக்காய்ச்சலை எண்ணெய் பிரியும் வரை சுண்டவிட்டு, ஈரமற்ற பாட்டிலில் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, ஈரமில்லாத கரண்டியால் மட்டும் எடுத்துவந்தால், சில வாரங்கள் வரை கெடாது. தக்காளித் தொக்கு, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றும் கூடவே இருந்தால், காலையில் சாதம் வடிப்பதும் ஒரு முட்டையை அவிப்பதும் மட்டுமே வேலை. ஆனால் மிகச் சிறிய பிள்ளைகளுக்குக் கட்டும் சாதத்தில் வேர்க்கடலையை முழுதாகப் போடக் கூடாது. அது தொண்டையில் சிக்கும் ஆபத்து உண்டு. ஒன்றிரண்டாக உடைத்தும் போடாமல், நன்றாகப் பொடித்தே சேர்க்க வேண்டும்.

உடல்நலத்தைப் பொறுத்தவரை நான் மிகவும் அஞ்சுவது முந்தைய இரவின் சாதத்தை. வேலை மிச்சம் என்று இரவே கூடுதலாகச் சமைப்பதில் குற்றமில்லை; அதை விடியும்வரை சமையல் மேடையிலேயே விட்டுவைப்பதுதான் குற்றம். அரிசியில் இயல்பாகவே இருக்கக்கூடிய பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் அழிவதில்லை. சாதம் வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் நச்சை உருவாக்கலாம். அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஆகவே மிஞ்சிய சாதத்தைத் தட்டில் பரப்பி விரைவாக ஆறவைத்து, ஒரு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். காலையில் இட்லிப் பானையில் நன்றாக ஆவி பறக்கும்வரை வைத்தெடுத்தால் உதிரியாகவும் கிடைக்கும். பழைய சோறு மட்டும் எப்படி என்று கேட்கலாம். அது நீரூற்றிப் புளிக்கவைக்கப்படுவது, அந்தப் புளிப்பே ஒரு காவல். வெறுமனே கிடந்த சாதத்தை அதனோடு ஒப்பிட இயலாது.

சுடச்சுடப் போட்டு உடனே மூடுவதும் தவறே. மூடியில் படிந்த ஆவி நீராகச் சொட்டிப் பொரியலை நசநசப்பாக்கும். உள்ளே தேங்கும் வெதுவெதுப்பு கெடுவதை விரைவுபடுத்தும். சாதாரண எவர்சில்வர் டப்பா என்றால் மின்விசிறியின் கீழ் ஆறவைத்துத்தான் மூட வேண்டும். சூடு காக்கும் டப்பா என்றால் அதற்கு நேர்மாறு: முதலில் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்து, அதைக் கொட்டிவிட்டு, கொதிக்கும் பதத்தில் உள்ள சாம்பார் சாதத்தையோ கிச்சடியையோ நிரப்ப வேண்டும். இளஞ்சூட்டில் உள்ளதை அதில் அடைப்பதைவிடச் சாதாரண டப்பாவே மேல்.

“இன்றைக்கு என்ன வேண்டும்?” என்று காலையில் பிள்ளையைக் கேட்பது அன்பால் செய்யும் தவறு. தூக்கக் கலக்கத்தில் பிள்ளை பூரி என்று சொன்னால், மறுத்தாலும் அழுகை, செய்தாலும் தாமதம். இரவுச் சாப்பாட்டின்போதே இரண்டு பண்டங்களைச் சொல்லி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். இதுவரை தின்றிராத காயைப் பள்ளி டப்பாவில் அறிமுகப்படுத்துவதும் பயனற்றது. அதற்குச் சனிக்கிழமை மதியமும் நம் பக்கத்துணையும் வேண்டும்.

புது டப்பா வாங்கினால், மூடியைப் பிள்ளையே திறந்து மூடுகிறதா என்று வீட்டில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். என் மகள் முதல் வகுப்பில் ஒரு வாரம் சாப்பாட்டைத் தொடாமல் கொண்டுவந்தபோது, நான் சமையலை மாற்றிக்கொண்டே இருந்தேன். இறுக்கமான கொக்கியைத் தன்னால் திறக்க முடியவில்லை என்றும், கேட்க வெட்கமாக இருந்தது என்றும் வெள்ளிக்கிழமைதான் சொன்னாள். அன்றுமுதல் மீந்து வரும் டப்பாவைக் கண்டு கடிந்துகொள்வதை விட்டுவிட்டு, எது மீந்தது, ஏன் மீந்தது என்று மட்டுமே கேட்கிறேன். அளவு அதிகம் என்பதுதான் பல நாள்களில் அவள் தரும் பதில்.