ஆளை எடைபோடும் முன்: ஒரு பழைய கணக்கப்பிள்ளை சொல்லும் வழி

இப்போது போன் வைத்திருக்கிற எல்லார் கையிலும் அந்தக் குணச் சோதனை வந்துவிட்டது. கேள்விகளுக்குப் பதில் தட்டிக்கொண்டே போனால் பத்து நிமிடத்தில் நாலு இங்கிலீஷ் எழுத்து வரும், அதுதான் உங்கள் குண வகையாம். "நான் ஐ.என்.எஃப்.ஜே", "எங்க மேனேஜர் ஈ.எஸ்.டி.ஜே" என்று பிள்ளைகள் பேசிக்கொள்கிறார்கள். கொழும்பில் வேலை பார்க்கும் என் மகள் எனக்கும் அனுப்பினாள். செய்து பார்த்தேன், சுவாரசியமாகத்தான் இருந்தது. ஆனால் வந்த பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. நான் இலங்கை மலைநாட்டில் டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவன். விடிந்ததும் ஆள்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் நின்று யாரை எந்த மலைக்கு அனுப்புவது, யாரை யாருக்குப் பக்கத்தில் நிரை (செடி வரிசை) பிடிக்க விடுவது என்று பார்ப்பது என் வேலை. ஆள் குணம் தெரியாமல் அந்த வேலை நடக்காது. அங்கே கண்டதையும் அப்புறம் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் இது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யுங், 1921இல் மனிதர்களை அகமுகம் (தன் உள்ளே திரும்பியவர்), புறமுகம் (வெளியே, ஆள்கள் பக்கம் திரும்பியவர்) என்று பிரித்து எழுதினார். அதைப் பிடித்துக்கொண்டு அமெரிக்காவில் காத்தரின் பிரிக்ஸ் என்ற தாயும் இசபெல் மையர்ஸ் என்ற மகளும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மையர்ஸ்-பிரிக்ஸ் என்று இப்போது சொல்லும் கேள்வித்தாளை உருவாக்கினார்கள். இரண்டு பேருமே உளவியல் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் இல்லை. நாலு ஜோடிக் குணம், ஒவ்வொரு ஜோடியிலும் உங்களுக்கு ஒரு பக்கம், அதற்கு ஓர் எழுத்து, ஆக மொத்தம் 16 வகை. போனில் இலவசமாகக் கிடைப்பவை பெரும்பாலும் அதைப் பார்த்துப் பிற்பாடு செய்தவை.

சோதனையைத் திறக்கும் முன் ஒரு கொப்பியை எடுங்கள். அண்மையில் நடந்த நாலைந்து சம்பவங்களை எழுதுங்கள்: எப்போது உற்சாகமாக இருந்தீர்கள், எது முடிந்ததும் அடித்துப்போட்ட மாதிரி களைப்பாக இருந்தது, எதற்குக் கோபம் வந்தது, அப்போது என்ன செய்தீர்கள். "நான் பொறுமையானவன்" என்று எழுத வேண்டாம். "பஸ் வரவில்லை, அரை மணி நேரம் நின்றேன், கண்டக்டரிடம் சண்டை போட்டேன்" என்று எழுதுங்கள். சோதனையில் நாம் எப்படி இருக்க ஆசைப்படுகிறோமோ அதையே தட்டிவிடுவோம். கொப்பி அதைக் காட்டிக்கொடுக்கும். சம்பளத்துக்கு முந்திய நாள் சோதனை செய்யவும் வேண்டாம். கையில் காசில்லாத அன்று எவனும் நிதானமாகப் பதில் சொல்ல மாட்டான்.

நாலு ஜோடியில் வாழ்க்கைக்கு அதிகம் உதவுவது முதலாவதுதான், ஐயும் (அகமுகம்) ஈயும் (புறமுகம்). எங்கள் டிவிசனில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். கொழுந்தில் இரண்டு பேரும் கெட்டிக்காரிகள். ஒருத்தி எப்போதும் ஓர நிரையைக் கேட்டு வாங்குவாள், கூடை நிறையும் வரை வாய் திறக்க மாட்டாள். மற்றவளை நடு நிரையில் விட வேண்டும். இரண்டு பக்கமும் பேச ஆள் இருந்தால் அவள் கை பறக்கும், ஓரத்தில் விட்டால் மத்தியானத்துக்குள் சோர்ந்து போவாள். இதில் எது நல்ல குணம், எது கெட்ட குணம் என்ற பேச்சே இல்லை. ஆளுக்குத் தெம்பு எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. உங்களை நீங்களே பார்க்க வேண்டுமானால், கல்யாண வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வரும் வழியைக் கவனியுங்கள். இன்னும் இரண்டு வீட்டுக்குப் போகலாம் போல இருக்கிறதா, கதவைச் சாத்திக்கொண்டு படுக்கலாம் போல இருக்கிறதா?

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அந்தக் கேள்விகளை எழுதியவர்களுக்கு லயம், அதாவது ஒட்டி ஒட்டிக் கட்டிய தோட்டத்துக் காம்பரா (அறை) வரிசை தெரியாது. "ஓய்வு நாளில் தனியாக உங்கள் அறையில் இருக்க விரும்புவீர்களா?" என்று கேட்கிறார்கள். ஒரே காம்பராவில் மாமியார், பிள்ளைகள், அடுப்பு எல்லாம் இருக்கிற வீட்டில், பக்கத்துக் காம்பராவில் இருமினால் இங்கே கேட்கிற இடத்தில், தனி அறைக்கு எங்கே போவது? ஆகவே கேள்வியை நம் இடத்துக்கு மாற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாரும் டிவி பார்க்கும் நேரத்தில் மரக்கறித் தோட்டத்துக்குப் போய்ப் புல் பிடுங்குகிறவர் யார்? விறகுக்குத் தனியாகப் போனால் சந்தோசப்படுகிறவர் யார்? துணைக்கு ஆள் கிடைக்கும் வரை காத்திருப்பவர் யார்? அகமுகக்காரர் நம் ஊரில் இப்படித்தான் ஒளிந்துகொண்டிருக்கிறார்.

மற்ற மூன்று ஜோடியையும் சுருக்கமாகச் சொல்கிறேன். 'எஸ்', 'என்' என்ற ஜோடி: எஸ்காரர் கண் முன்னால் இருப்பதைப் பார்ப்பார், எந்தச் செடியில் கொழுந்து முற்றிவிட்டது என்று சொல்வார். என்காரர் அதே மலையைப் பார்த்து, இரண்டு வருசத்தில் இது என்ன ஆகும் என்று பேசுவார். ஜேயும் பியும்: தேர்த் திருவிழா வந்தால் ஜேகாரர் இரண்டு மாதத்துக்கு முன்பே சி.ஆர். கொப்பியில் கோடு போட்டு வசூல் கணக்கு எழுதுவார். பிகாரர் எதையும் எழுதியிருக்க மாட்டார், ஆனால் அன்றைக்கு மேளக்காரர் வரவில்லை என்றால் எங்கிருந்தோ ஒரு கூட்டத்தைப் பிடித்துக்கொண்டு வருவார். கோயில் கமிட்டியில் இரண்டு வகையும் இருக்க வேண்டும். ஒரே மேசையில் உட்கார வைக்கத்தான் கொஞ்சம் சாமர்த்தியம் வேண்டும்.

டியும் எஃப்பும்தான் வீட்டில் சண்டை மூட்டுவது. கொழுந்து கூடிய நாளில் ஒரு பெண் வந்து, வேறு தோட்டத்தில் சொந்தக்காரப் பிள்ளைக்குச் சடங்கு, அரை நாள் வேண்டும் என்று கேட்கிறாள். ஒரு கங்காணி, "ஒருத்திக்குக் கொடுத்தா எல்லாருக்கும் கொடுக்கணுங்க" என்பார். மற்றவர், "அவதான் தாய்மாமன் வீட்டு முறை செய்யணும், போகட்டுங்க" என்பார். முன்னவருக்கு ஈரமில்லை என்றும் பின்னவருக்கு மூளையில்லை என்றும் ஊர் பேசும். இருவரும் நியாயத்தைத்தான் தேடுகிறார்கள். முன்னவர் டி, எல்லாருக்கும் ஒரே அளவு என்ற பக்கத்திலிருந்து தொடங்குகிறார்; பின்னவர் எஃப், எதிரே நிற்கும் ஆளிடமிருந்து தொடங்குகிறார். உங்கள் வீட்டுச் சண்டைகளையும் ஒருமுறை இப்படிப் பிரித்துப் பாருங்கள். பாதிச் சண்டை இந்த இடத்தில்தான் முளைத்திருக்கும்.

சரி, நாலு எழுத்து வந்துவிட்டது. வர்ணனையைப் படித்தால் "அப்படியே என்னைச் சொல்லியிருக்கிறான்" என்று தோன்றும். அங்கேதான் நிதானம் வேண்டும். 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு குணச் சோதனை வைத்தார். பிறகு ஆளுக்கொரு தாளாக முடிவைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று 5க்குப் புள்ளி போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. அப்புறம் பார்த்தால் எல்லார் கையிலும் இருந்தது ஒரே எழுத்து, அதையும் பெரும்பாலும் கடையில் விற்கிற ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம். உங்கள் வகைக்குப் பதிலாக நேர் எதிர் வகையின் வர்ணனையைத் தலைப்பை மறைத்துவிட்டு வீட்டுக்காரியிடமோ கூட்டாளியிடமோ கொடுங்கள். "இது யாரைப் பற்றி?" என்று கேளுங்கள். பிறகு உங்கள் வகையின் வர்ணனையில் எந்த வரிகள் உங்களுக்குப் பொருந்தி, எதிர் வகைக்குப் பொருந்தவில்லையோ அவற்றை மட்டும் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். மிஞ்சுவது கொஞ்சம்தான், அதுவே உபயோகமானது.

இன்னொரு குறையும் இருக்கிறது. கொழுந்து மடுவத்தில் நிறுக்கும்போது, சொன்ன கிலோ வந்தால் முழுப் பேர் (முழு நாள் சம்பளம்), ஒரு கிலோ குறைந்தால் அரைப் பேர் (அரை நாள் சம்பளம்). இரண்டு கூடைக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது, செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் மட்டும் இரண்டு வேறு ஆள்கள். இந்தச் சோதனையும் அப்படித்தான் வெட்டுகிறது. பெரும்பாலானவர்கள் நடுவில் இருப்பவர்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு புள்ளி வந்தால் ஐ, அந்தப் பக்கம் ஒரு புள்ளி போனால் ஈ. சில வாரம் கழித்துத் திரும்பச் செய்தால் பலருக்கு ஏதாவது ஓர் எழுத்து மாறிவிடுவதற்கு அது ஒரு காரணம். அதனால்தான் இன்றைய உளவியல் ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஐந்து அளவுகளைப் பயன்படுத்துகிறார்கள்: புதியதை ஏற்கும் மனம், ஒழுங்கும் பொறுப்பும், புறமுகம், இணக்கம், மனப்பதற்றம். அதில் ஆளைப் பெட்டிக்குள் போடுவதில்லை, ஒவ்வொன்றிலும் எவ்வளவு என்று மட்டும் பார்ப்பார்கள். உங்கள் முடிவில் சதவீதம் காட்டினால் எழுத்தை விட்டுவிட்டு அதைப் பாருங்கள். 52 என்று இருந்தால் அந்த எழுத்தை மறந்துவிடலாம்.

மற்றவரைப் புரிந்துகொள்வது இதைவிடக் கஷ்டம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சோற்றுக்குச் சரி, ஆளுக்குச் சரிவராது. 1968இல் வால்டர் மிஷெல் என்ற உளவியலாளர், ஒரு ஆள் ஒரு சூழ்நிலையில் நடந்துகொள்வதை வைத்து இன்னொரு சூழ்நிலையில் எப்படி நடப்பார் என்று சொல்வது நாம் நினைப்பதைவிடக் கடினம் என்று எழுதினார். பெரிய விவாதமே நடந்தது. தோட்டத்தில் இருந்தவனுக்கு அது புதுச் செய்தியில்லை. தோட்டத்து மேலாளரான துரை முன்னால் எல்லாருமே அகமுகம்தான்.

எங்கள் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டும், அதாவது தேயிலைச் செடியைத் தறித்துவிடும் ஒருவர் இருந்தார். ஆபீசுக்கு வந்தால் தலை நிமிர மாட்டார், கேட்டதற்குத் தலையை ஆட்டுவார். ஸ்டோர் ஆள்கள் "ஊமையன்" என்றே கூப்பிடுவார்கள். மாசி மாதம் மன்மதன் எரிந்த கதையை ஆடும் காமன் கூத்தில் அவர்தான் மன்மதன் மனைவி ரதி. மன்மதன் எரிந்த பின்பு அவர் ஒப்பாரி எடுத்தால் கிழவிகள் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வார்கள். ஊர் முழுக்கச் சுற்றி நிற்க, விடியும் வரை தொண்டை கமறாமல் பாடுவார். அப்படியானால் அவர் புறமுகமா? கூத்து முடிந்த மறுநாள் அவரைப் பார்த்தால் தெரியும். யாரோடும் பேசாமல் ஓடைக்கரையில் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருப்பார். கூட்டத்தின் முன்னால் நிற்கத் தெரிவது ஒரு திறமை, கூட்டத்தால் தெம்பு வருவது வேறு சங்கதி. ஆபீசில் பேசாதது இந்த இரண்டிலும் சேராது, அது பயம்.

ஆகவே ஒருவரை எடைபோடும் முன் மூன்றைக் கழியுங்கள். முதலாவது அதிகாரம்: அவர் யார் முன்னால் நிற்கிறார்? இரண்டாவது களைப்பு: எத்தனை மணிக்கு எழுந்தவர்? மூன்றாவது கடன்: கடைக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டிய வாரமா இது? இதையெல்லாம் கழித்த பிறகும் வேலையிடத்திலும் வீட்டிலும் சாவு வீட்டிலும் ஒரே மாதிரி தெரிவது எதுவோ, அதைக் குணம் என்று சொல்லலாம். அப்போதும் முடிவாகச் சொல்லாமல், அவரிடமே கேட்பது நல்லது.

எப்படிக் கேட்பது? "நீ அகமுகமா?" என்று கேட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். செய்கிற காரியத்தைப் பற்றிக் கேளுங்கள். எங்கள் பக்கத்து வீட்டில் மருமகள் கார்மெண்ட்ஸ் வேலை முடிந்து வந்ததும் நேரே காம்பராவுக்குள் போய்விடுவாள். "மதிக்கிறதில்லை" என்று மாமியாருக்குக் குறை. நான் சொன்னேன்: "ஆத்தா, நாளைக்கு அவ வந்ததும் ஒரு சாயத்தண்ணிய கொடுத்துட்டு, 'இப்ப பேசணுமா, செத்த நேரம் கழிச்சுப் பேசுவமா'ன்னு கேட்டுப் பாருங்க." கேட்டார். அந்தப் பெண், அரை மணி நேரம் மெசின் சத்தம் காதிலிருந்து இறங்கட்டும், அப்புறம் நானே வருகிறேன் என்றிருக்கிறாள். இப்போது அந்த அரை மணி நேரம் அந்த வீட்டில் வழக்கமாகிவிட்டது. மாமியார் மட்டும் இன்னும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார், அது அவர் குணம்.

பிள்ளைகள் விசயத்தில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். உயர்தரப் படிப்புக்கு (ஏ.எல்.) எந்தப் பிரிவு எடுப்பது என்று இந்த நாலு எழுத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். சோதனை கேட்பது விருப்பத்தை. கணக்கு வருமா, உயிரியல் வருமா என்பதற்கு அதில் பதில் இல்லை. பேசாத பிள்ளை ஆசிரியர் ஆகக்கூடாது என்றும் கலகலப்பான பிள்ளைக்குக் கணக்கியல் ஒத்துவராது என்றும் யாராவது சொன்னால் காதில் வாங்க வேண்டாம். வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில் உங்கள் வகை என்ன என்று கேட்டால், மையர்ஸ்-பிரிக்ஸ் சோதனையை விற்கும் நிறுவனமே அதை ஆள் தெரிவு செய்யப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்கிறது என்பதைப் பிள்ளைக்குச் சொல்லி அனுப்புங்கள். விண்ணப்பத்தில் அந்த நாலு எழுத்தைப் போடுகிற இடத்தில், செய்து முடித்த ஒரு வேலையை இரண்டு வரியில் எழுதச் சொல்லுங்கள்.